ஐப்பசிக்கு முன்னால்

போன மாதம் அம்பத்தூரிலிருந்து பழைய அலுவலக நண்பர் போன் செய்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவருக்கும் வேலை முடியப்போகிறது. நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, ஊர்ப்பக்கம் போயிட்டா மாசம் பத்தாயிரத்துல குடும்பம் நடத்திடலாங்கிறாங்களே, நிஜந்தானா?"

"எந்த மாசத்துல?" என்று கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் நிஜமாகவே கேட்டேன்.

வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதிச் சம்பாதித்தவன், ஊருக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கம் இந்தக் கிராமத்துக்கு 2017-இல் திரும்பியதிலிருந்து வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 2024-ஆம் வருடப் பக்கத்தைப் புரட்டினால் சித்திரையில் 11,300 ரூபாய். ஐப்பசியில் 7,150. நடுவில் ஆடி மாதம் மட்டும் 38,700. சராசரி போட்டுச் சொன்னால் நண்பர் சந்தோஷப்படுவார். ஆனால் சராசரியை நம்பி ஊரில் குடித்தனம் நடத்த முடியாது. இங்கே பணம் எவ்வளவு என்பதைவிட அது எந்த மாதத்தில் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஐப்பசியில் ஏழாயிரத்தோடு முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆறு மாதமாக வீட்டில் நடந்த வேலை.

முதலில் வரவைச் சொல்லிவிடுகிறேன்.

தனியார் கம்பெனிக்காரனுக்கு வரும் பிஎஃப் பென்ஷன் எனக்கு மாதம் 2,341 ரூபாய். எழுத்துப்பிழை இல்லை, இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்றுதான். கைக்கு எவ்வளவு சம்பளம் வந்தாலும் பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது ஓர் உச்சவரம்பு வரைக்கும்தான். அது 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாய், அதற்கப்புறம் 15,000. அதைச் சேவை வருடங்களால் பெருக்கி எழுபதால் வகுப்பார்கள். இந்த எழுபதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அலுவலகத்தில் ஊழியர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவனே நான்தான். எனக்குப் போட்டுப் பார்த்ததில்லை!

ஆகவே வீடு ஓடுவது பென்ஷனால் இல்லை. பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் சேர்ந்து வந்த தொகையில் 15 லட்சத்தை 2018 அக்டோபர் இரண்டாவது வாரம் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். அந்தக் காலாண்டுக்கு வட்டி 8.7 சதவீதம். அப்போது ஒருவர் அவ்வளவுதான் போட முடியும். 2023 ஏப்ரலில் அந்த வரம்பை 30 லட்சமாக்கினார்கள். அதே வருடம் அக்டோபரில் என் கணக்கு முதிர்ந்தபோது இன்னும் ஐந்து லட்சம் சேர்த்து இருபதாகப் போட்டேன். இப்போது வட்டி 8.2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வருகிறது.

அந்த வட்டி வரும் தேதிகளைப் பாருங்கள். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதி. ஏப்ரல் என்றால் பங்குனி பாதி. வருடத்துச் சாமான் வாங்கும் நேரம். ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும். அக்டோபர் என்றால் புரட்டாசி, மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கான பணம். ஜனவரியில் பொங்கல். டெல்லியில் உட்கார்ந்து இந்தத் தேதிகளை வைத்தவர் எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வைத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். மாதா மாதம் வட்டி தரும் திட்டமும் தபால் நிலையத்தில் உண்டு. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மாதா மாதம் வந்தால் மாதா மாதம் கரையும்.

ஏப்ரல் வட்டி வந்த வாரமே என் மனைவி ஒரு பட்டியல் கொடுப்பாள். வயலில் நெல் அறுத்த ஈரத்தில் விதைத்த உளுந்து அப்போதுதான் களத்துக்கு வந்திருக்கும். தெரிந்தவர் களத்திலேயே வாங்கிவிடுவோம். புதுப் புளி வரும். முண்டு மிளகாய் வரும். மாசியிலேயே பக்கத்து வயல்காரரிடம் சம்பா நெல் ஐந்து மூட்டை சொல்லி வைத்து, அவித்து அரைத்து வைத்தாயிற்று. இரண்டு பேருக்கு ஒரு வருடத்துக்கு அது தாராளம்.

புளியைக் கொட்டை எடுத்து, நார் உரித்து, கல் உப்பு தூவி மண்பானையில் அமுக்கி வைக்கும் வேலை இருக்கிறதே, அது இரண்டு மத்தியானம். முதல் வருடம் நான் உட்கார்ந்து உதவி செய்தேன். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, பேனா புடிச்ச கை, புளிக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கொத்தவரங்காய், சுண்டைக்காய் வற்றல் எல்லாம் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில். மோர் மிளகாய்க்கு மட்டும் தினமும் ராத்திரி மோரில் போட்டு, காலையில் எடுத்துக் காய வைக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். மறந்திருக்கிறோம்.

அதிராம்பட்டினம் பக்கத்து உப்பளங்களில் மழைக்காலத்தில் உப்பு எடுக்க முடியாது. அதனால் கல் உப்பு ஒரு மூட்டை ஆவணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கருவாடும் அப்படித்தான். மல்லிப்பட்டினத்திலிருந்து வரும் அம்மாவிடம் வெயில் காலத்திலேயே வாங்கி, இன்னும் ஒருநாள் காய வைத்து மூடிவிட வேண்டும். ஐப்பசியில் கடல் கொந்தளித்து மீன் வராத நாளில் அதன் அருமை தெரியும்.

இதையெல்லாம் ஏதோ பரம்பரையாக வந்த ஞானம் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மை அப்படி இல்லை. 2017-இல் ஊருக்கு வந்த சூட்டோடு நான் செய்த முதல் வேலை, கொல்லையில் இருந்த அடிபம்பைப் பிடுங்கி இரும்புக் கடையில் போட்டது. நீர்மூழ்கி மோட்டார் இறக்கி, மாடியில் சின்டெக்ஸ் தொட்டி வைத்து, குழாயைத் திருகினால் தண்ணீர் வரும்படி செய்துவிட்டேன். அடுப்பங்கரையில் இருந்த கொடியடுப்பை இடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டினேன். விறகு போடும் பரணைப் பிரித்தேன். "பட்டணத்து வசதி எல்லாம் செஞ்சாச்சு" என்று சென்னை நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பெரியம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "மோட்டாரு கரண்டுல ஓடும். இது கையில ஓடும்." எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது.

2018 நவம்பர் 15 ராத்திரி. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நமக்குக் கொஞ்சம் மழை வரும் என்று நினைத்துப் படுத்தோம். ஒரு மணிக்கு மேல் எழுந்து உட்கார்ந்தவர்கள் விடியும்வரை படுக்கவில்லை. ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் காற்று திசை மாறித் திரும்பவும் அடித்தது. தென்னை முறியும் சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் பத்து மரத்துக்கு எண்ணினேன்.

காலையில் கதவைத் திறந்ததும் எனக்கு முதலில் உறைத்தது வெளிச்சம். முற்றத்தில் அவ்வளவு வெளிச்சம் எப்போதும் இருந்ததில்லை. எங்கள் ஊர் வீடுகள் எல்லாம் தென்னை நிழலில் இருப்பவை. அன்றைக்கு வானம் நேராகத் தலைக்கு மேல் தெரிந்தது. இரண்டு ஏக்கரில் 140 மரம். நின்றது 28.

மின்சாரம் எங்கள் தெருவுக்குத் திரும்ப 23 நாள் ஆனது. மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் இரண்டு நாளுக்கு வந்தது. மூன்றாம் நாள் காலையில் நானும் என் மனைவியும் குடத்தோடு பெரியம்மா வீட்டு அடிபம்பின் முன்னால் வரிசையில் நின்றோம். தெருவே அங்கேதான் நின்றது. பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வீட்டுக்கு நாலு குடம் என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது அவர் எதுவுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அப்புறம் ஜெனரேட்டரை வண்டியில் வைத்து வீடு வீடாக வந்து மணிக்கு இவ்வளவு என்று தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். மெழுகுவத்தி விலை ஏறியது. ஏடிஎம் வேலை செய்யவில்லை, செல்போன் கோபுரமும் இல்லை. வங்கியில் பணம் இருந்தும் கடையில் நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்க முடியாமல் நின்றேன். கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். அவர் என் அப்பாவுக்குக் கொடுத்தவர். எனக்காக இல்லை, அந்தப் பெயருக்காகக் கொடுத்தார்.

அரசாங்க நிவாரணம் தென்னை மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. விழுந்த 112 மரத்துக்கு 1,23,200 வந்தது. வெட்டி அப்புறப்படுத்த அந்த ஐந்நூறு பற்றவில்லை. எல்லாருடைய தோப்பிலும் மரம் விழுந்து கிடக்கும்போது வாள்காரர் கேட்டதுதான் கூலி, மரத்தை வாங்கத்தான் ஆள் இல்லை. நானும் பலரைப் போலப் பாதி மரங்களை வேலி ஓரம் உருட்டிவிட்டு விட்டுவிட்டேன். அது அடுத்த தப்பு. மட்கும் தென்னைத் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். 2019-இல் வைத்த புதுக் கன்றுகளின் குருத்தை அந்த வண்டுகள் வந்து குடைந்தன. விரியும் ஓலையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி முக்கோணம் முக்கோணமாக வந்தது.

கன்றுக்குக் கன்று குனிந்து, நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து போட்டுக்கொண்டே போக வேண்டும். அல்லது இடுக்குக்கு ஓர் அந்துருண்டை வைத்து மேலே மணல் போட வேண்டும். குடைந்த ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குத்தி வண்டை வெளியே இழுப்பது தனி வேலை. கட்டைவிரல் பருமனுக்கு, கறுப்பாக, கொம்போடு வரும். கம்பி நுனியில் அது காலை உதறும்போது எனக்கு இருந்த திருப்தி, இத்தனை வயதான ஆளுக்கு ஆகாத திருப்திதான்.

அந்த வருடம் தேங்காயில் வருமானம் கிடையாது. ஜனவரி பிறந்ததும் தபால் நிலையத்திலிருந்து முதல் வட்டி, ஏறக்குறைய முப்பதாயிரம், வந்தது. பணத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் கதை வேறு. அந்தப் பதினைந்து லட்சத்தில் பக்கத்துத் தோப்பை வாங்கிப் போடலாம் என்றுதான் நான் இருந்தேன். விற்கிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போனதால் கோபத்தில் தபால் நிலையத்தில் போட்டேன். அந்தத் தோப்பில் ஆறு மரம்கூட மிஞ்சவில்லை. என்னை யாராவது முன்யோசனைக்காரன் என்று சொன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

சரி, இப்போது புரட்டாசியில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்குவது வழக்கம், அதாவது ஐப்பசி பிறந்து மூன்று நாள். அதற்குள் கூரை ஏறியாக வேண்டும். எங்களுடையது பாதி சீமை ஓடு, பாதி மாடி. கஜாவுக்கு அப்புறம் ஓட்டு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆவணியிலேயே சொல்லி, முன்பணம் கொடுத்து, இரண்டு தடவை போய் ஞாபகப்படுத்தினால் வருவார். ஓர் ஓடு பிசகியிருந்தாலும் மழை பெய்யும் நாளில் அந்த ஓட்டுக்குக் கீழேதான் நெல் மூட்டை இருக்கும். இது ஒரு விதி போல.

விறகு என்று நாங்கள் காசு கொடுத்து வாங்குவதில்லை. விழும் மட்டை, பாளை, பன்னாடை, உரிமட்டை, கொட்டாங்கச்சி இதுவே போதும். ஆனால் அது காய்ந்திருக்க வேண்டும். ஈர மட்டையை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்தவனுக்குத்தான் இது தெரியும். புரட்டாசி வெயில் பொன் உருகக் காயும் என்பார்கள். அந்த வெயிலில் மட்டையை முழ நீளத்துக்கு நறுக்கிக் காய வைத்து, திரும்பக் கட்டிய பரணில் அடுக்கிவிடுவோம். டைல்ஸ் ஒட்டிய அடுப்பங்கரையில் கொடியடுப்பைத் திரும்பப் போட முடியவில்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் புதிதாகப் போட்டோம். வெந்நீரும் சாதமும் அங்கே. இரண்டு மாதத்துக்கு வந்த கேஸ் சிலிண்டர் இப்போது நாலு மாதத்துக்கு வருகிறது.

முருங்கையைக் கழித்துவிட வேண்டும். காற்றில் முதலில் ஒடிவது அதுதான், ஒடிந்தால் மின்கம்பி மேல்தான் விழும். அடிபம்பு திரும்பவும் போட்டாயிற்று, பழையதை விற்ற காசைப் போல எட்டு மடங்கு செலவில். அதன் தோல் வாசரைப் புரட்டாசியில் மாற்றிவிடுவேன். கையில் பிடித்தால் மாட்டுத்தோல் வாசனை வரும் அந்த வட்டத்தை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பிஸ்டனில் கோத்து இறுக்க வேண்டும். ஊறாமல் போட்டால் தண்ணீர் ஏறாது. இதைச் சொல்லிக்கொடுத்ததும் பெரியம்மாதான்.

அப்புறம் எவர்சில்வர் டப்பாவில் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக ஐயாயிரம். அந்தப் பணத்தை மழை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. தபால் நிலையப் பாஸ்புத்தகம், பட்டா நகல், ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் ஒரே பையில். எனக்குச் சர்க்கரை, அவளுக்குப் பிரஷர். 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மழை மாதத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு வழி இருக்குமோ இருக்காதோ என்று ஒரு மாத மாத்திரையைக் கைவசம் மிச்சம் வைத்திருப்போம். டார்ச் கட்டில் தலைமாட்டில் இருக்கும். இருட்டில் காலைக் கீழே வைக்குமுன் அடித்துப் பார்க்க வேண்டும். மழைக்கு வீட்டுக்குள் ஒதுங்குவது நாம் மட்டும் இல்லை, கட்டுவிரியனும்தான்.

பென்ஷனுக்கான உயிர்ச் சான்றையும் ஆவணியிலேயே முடித்துவிடுவேன். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும் என்பதால் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். ஆனால் மட்டை நறுக்கி, புளி உரித்து, வண்டு பிடித்து என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. இயந்திரத்தில் வைத்தால் நான் நானில்லை என்கிறது. இப்போது முகத்தைக் காட்டிப் பதியும் வழி வந்ததால் தப்பித்தேன். இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சத்துக்கு நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வருடா வருடம் கண்ணைச் சிமிட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் செய்து புயல் வராமலும் போகும். 2020 நவம்பரில் நிவர் வருகிறது என்றதும் மிஞ்சிய 28 மரத்திலும் ஆள் ஏற்றி முற்றிய காயையும் அடிமட்டைகளையும் இறக்கினேன். தலைப்பாரம் குறைந்தால் மரம் தாங்கும் என்று வேளாண் துறையிலும் சொல்வார்கள். மரத்துக்கு நாற்பது ரூபாய் கூலி. அவசரத்தில் இளங்காயும் சேர்ந்து விழுந்தது. புயல் மரக்காணம், புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த முறையும் ஆள் ஏற்றுவேன்.

மாடு வளர்க்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். ஓய்வுபெற்றவனுக்கு மாடு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பால் கணக்கு போட்டுப் பார்த்தால் லாபம்தான். ஆனால் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு நாள் போய்வர முடியாது.

இனி ஆடி மாதத்துக் கணக்கு. நண்பருக்குப் போனில் இதைத்தான் விளக்க முடியவில்லை.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு சுற்று வட்டாரத்தில் ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் கிடையாது. மொய் வாங்குவதற்காகவே விருந்து. தனியாக வைத்தால் செலவு என்று இருபது முப்பது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் பத்திரிகை அடித்து வைப்பார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு மேசை, ஒரு நோட்டு, எழுத ஓர் ஆள். சாப்பிட்டு முடித்தவர்கள் வரிசையாக மேசைக்கு வந்து எழுதிவிட்டுப் போவார்கள். லட்சக்கணக்கில் வசூலாகும். வாங்கியவர் பிறகு எழுதியவர்கள் வைக்கும்போது கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. அந்த நோட்டுத்தான் எல்லாம். வாங்கியவர் செத்துப்போனால் மகன் அந்த நோட்டைப் பார்த்துச் செய்வான்.

ஊருக்கு வந்த வருடமே நானும் எழுத ஆரம்பித்தேன். எழுதாமல் இருந்திருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அப்பா வாங்கிய மொய்க்கு நான் கடன்பட்டவன். அதைச் செய்துகொண்டே புதிதாகவும் எழுதினேன். இதுவரை எழுதியது, நிலுவை போக, 3,87,500 ரூபாய். என் கணக்கில் இது முதலீடு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நான் விருந்து வைத்தால்தான் அது திரும்பும். கஜாவுக்கு அடுத்த ஆடியில் விருந்து வைத்தவர்கள் எதிர்பார்த்தது வரவில்லை. கொடுக்க வேண்டியவர்கள் மனது கெட்டுப்போகவில்லை, அவர்கள் தோப்பும் விழுந்துவிட்டது. ஓர் ஊர் முழுக்க ஒரே பயிரை நம்பியிருந்தால் ஒரே நாளில் எல்லார் கையும் காலியாகிவிடும்.

2019-இல் வைத்த நெட்டை ரகத் தென்னங்கன்றுகள் இப்போது காய்க்க ஆரம்பித்திருக்கின்றன. மிஞ்சிய மரங்களின் காயை ஒரு காலத்தில் எட்டு ரூபாய்க்குக் கேட்டவர்கள் 2025-இல் இருபத்தைந்துக்கு மேல் கொடுத்துவிட்டுப் போனார்கள். தபால் நிலைய வட்டி ஐந்து வருடத்துக்கு அசையாது, அரிசி விலை அசையும். அந்த இடைவெளியை இப்போதைக்குத் தென்னை பார்த்துக்கொள்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

ஆகவே தெருவில் எல்லார் கையிலும் பணம் இருக்கும் வருடம் இது. மொய் விருந்து வைக்கலாமா என்று ஒரு நினைப்பு. பெரியம்மா "வையிடா தம்பி, இப்ப வச்சாதான் உண்டு" என்கிறார். மகன் போனில், "அப்பா, அந்தக் கணக்கை முடிச்சு விடுங்க, எனக்கு அந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது" என்கிறான். முடிப்பதென்றால் எப்படி முடிப்பது? விருந்து வைத்தால் நான் எழுதியது மட்டுமா வரும்? புதிதாக எழுதுபவர்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய நாலு லட்சத்தைத் திரும்ப வாங்கப் போய் இன்னொரு மூன்று லட்சத்துக்குக் கடன்காரனாகி வருவேன். வட்டியில்லாத கடன்தான். ஆனால் திருப்பிச் செய்ய ஐந்தாறு ஆடி வேண்டும்.

நேற்று ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் மோர் மிளகாய் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அஞ்சாறு ஆடின்னா உங்களுக்கு எழுபத்து மூணு ஆகும். அதுவரைக்கும் யாரு போயி எழுதிட்டு வாறது, நானா?"

பதில் சொல்லவில்லை. காலையில் வாசரை ஊறப்போட்ட சட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. ஓட்டு ஆள் இன்றைக்கு வருகிறேன் என்றவர் இன்னும் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.